ஹமூத் அண்ணன் பார்த்த போர்ப்படம்

வெடிகுண்டுக்கும் அஞ்சாமல், வெயிலுக்கும் அஞ்சாமல், வாய்ப்பேச்சில் மட்டும் எவனுக்கும் ஓர் அங்குலம்கூட விட்டுக்கொடுக்காமல் வாழும் ஆபாதான் நகரத்துப் பெருமக்களே!

இந்தக் கூட்டத்துக்குத் தலைமையேற்று, நம் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு எழுத்தறிவித்து, முற்றுகை நாளில் வயிற்றில் ஏறிய குண்டுச்சில்லை இன்றுவரை ஓர் அணிகலனைப் போல அலட்சியமாகச் சுமந்துவரும் ஆசிரியை தூபா அம்மையார் அவர்களே! மேடையை நிறைத்திருக்கும் மஞ்சள் சட்டை மாவீரர்களே, நம் கால்பந்துக் கழகத்தின் மூத்த ஆட்டக்காரர்களே! தெஹ்ரானிலிருந்து வந்து இறங்கி, எங்கள் கடற்காற்றின் புழுக்கத்தில் இரண்டு சட்டைகளை நனைத்துவிட்டு மூன்றாவது சட்டையில் அமர்ந்திருக்கும் இயக்குநர் கியூமர்ஸ் ஆஸர்நியா அவர்களே! இடப்பக்கம் திரண்டிருக்கும் தாய்மார்களே, அவர்கள் நடுவே எங்கள் விருந்தாளியாக வீற்றிருக்கும் தப்ரீஸ் நகரத்துச் சகோதரியே! வேலியோரம் நின்றபடி நம் ஊர்ச் சமோசாவான சம்பூசேயைக் கடித்துக்கொண்டே என்னைக் குறைசொல்லிக்கொண்டிருக்கும் தோழர்களே! அனைவரையும் தலைதாழ்த்தி வணங்குகிறேன்.

என்ன? பின்வரிசையிலிருந்து ஒருவர் "சத்தமாப் பேசு ஜலீல்" என்கிறார். ஐயா, இந்த மைதானத்தில் கோல் விழுந்தால் அறிவிப்பது என் குரல். ஆற்றுக்கு அந்தப் பக்கம் பஸ்ராவில் குழந்தைகள் தூங்க முடியவில்லை என்று புகார் வந்திருக்கிறது. உங்களுக்குக் கேட்கவில்லையா?

இன்று நமக்குத் தரப்பட்ட கேள்வி ஒன்றே ஒன்று. ஈராக் படை நம் ஊரைச் சுற்றி வளைத்த முற்றுகையைப் பற்றி எடுக்கப்பட்டு, ஊர் ஊராகப் பரிசு வாங்கி, உலகமெல்லாம் உச்சிமேல் வைத்துக் கொண்டாடப்படும் "ஆற்றுக்கு இந்தப் பக்கம்" என்ற திரைப்படம், அது பெற்ற புகழுக்குத் தகுதியானதா, இல்லையா? எனக்கு முன் பேசிய பள்ளித் தலைமையாசிரியர் தகுதியே இல்லை என்று மேசையைத் தட்டினார். பல்கலைக்கழகத்தில் படிக்கும் நம் மகள் முழுத் தகுதி உண்டு என்று அதைவிடப் பலமாகத் தட்டினாள். மேசை பாவம். நான் தட்டப்போவதில்லை. நேற்று மாலை இதே மைதானத்தில் நடந்ததைச் சொல்லப்போகிறேன். வந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆலையில் பணிமுறை இருந்ததால் வர முடியாத சகோதரர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

படத்தின் புகழ் எப்படிப்பட்டது? வெளிநாட்டில் ஓர் அரங்கில் பெண்கள் மயங்கி விழுந்தார்களாம். வேறோர் ஊரில் வாசலில் மருத்துவரை நிறுத்தி வைத்தார்களாம். இரண்டாம் முறை பார்க்க எவருக்கும் துணிவு வராது என்று எழுதினார்களாம். இதைக் கேட்டதும் நம் தேநீர்க்கடையில் என்ன சொன்னார்கள் தெரியுமா? "இதுக்கேவா மயங்கினாங்க? கோடை வெயில்ல ஒரு மத்தியானம் நம்ம கடைவீதியில நடக்கச் சொல்லு. படம் பார்க்கவே ஆள் மிஞ்ச மாட்டான்!"

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள்! இந்தச் சிரிப்புதான் வழக்கு. இந்தச் சிரிப்புதான் சாட்சி. அந்தப் படத்தின்மீது இந்த ஊர் வைத்த குற்றச்சாட்டே இந்தச் சிரிப்புதான். அதில் பிணம் இருக்கிறது, பசி இருக்கிறது, புகை இருக்கிறது, புழுதி இருக்கிறது. ஆபாதான்காரன் ஒருவன்கூடச் சிரிக்கவில்லை! முற்றுகைக் காலத்தில் நாம் எப்படி இருந்தோம்? கூரை போனவன் சுவர் போனவனிடம் "ஏய், என் வீட்டுல விழுந்த குண்டைப் பார்த்தியா, உன் வீட்டுல விழுந்ததெல்லாம் அதோட பேரப்புள்ள" என்று பெருமையடித்துக்கொள்ளவில்லையா? உப்புக் கரித்த தண்ணீரைக் குடித்துவிட்டு, சமையலுக்கு உப்பு மிச்சம் என்று சொல்லிக்கொள்ளவில்லையா?

குற்றச்சாட்டு இதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. படத்தின் புகழுக்கே உச்சியான ஒரு காட்சி இருக்கிறது. காயம்பட்டவர்களை மருத்துவமனையிலிருந்து படகுத்துறைக்கு ஏற்றிச்செல்லும் ஒரு வண்டி, பனந்தோப்பு நடுவே குண்டு மழையில் மாட்டிக்கொள்கிறது. பின்னால் கிடப்பவர்கள் கதறுகிறார்கள். ஓட்டுநர் காதைப் பொத்திக்கொண்டு, வாய் திறக்காமல், கண் சிமிட்டாமல், கற்சிலையாக உட்கார்ந்திருக்கிறான். கதறல் ஒவ்வொன்றாக அடங்குகிறது. உலகம் அழுதது அந்தக் காட்சிக்கு. பரிசு கொடுத்தது அந்தக் காட்சிக்கு.

அந்த வண்டி யாருடையது? அந்த ஓட்டுநர் யார்? இந்த ஊரில் கைக்குழந்தையைக் கேட்டாலும் சொல்லும். மீன்வண்டி ஹமூத்! முற்றுகைக்கு முன்னால் மீன் ஏற்றிய வண்டியில், முற்றுகையின்போது மனிதர்களை ஏற்றியவர். முன்வரிசையில், பொழுது சாய்ந்த பிறகும் கறுப்புக் கண்ணாடி அணிந்து உட்கார்ந்திருக்கிறாரே, அவரேதான். அண்ணே, கையை ஆட்டாதீர்கள், நான் முடிக்கும்வரை பொறுங்கள்.

நம் ஹமூத் அண்ணன் வாயை மூடியவரா? வண்டியில் படுத்திருப்பவர்கள் கண்ணை மூடிவிடக் கூடாது என்பதற்காக வழி நெடுக வாய் ஓயாமல் கதை அளந்தவர்! நம் தலைவர் தூபா அம்மையார் அந்த வண்டியில் படுத்தவர். நேற்றுகூட எனக்குச் சொன்னார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு இவர் கெஞ்சினாராம், "சிரிக்க வைக்காதே ஹமூத், குடல் வெளியே வந்துடும்." அதற்கு அண்ணன் திரும்பிப் பார்க்காமலே, "வரட்டும் டீச்சர். இது மீன் வண்டி, குடல் கிடந்தா யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க!"

அம்மையார் தலையாட்டுகிறார். சாட்சி பதிவாகிவிட்டது.

அப்படிப்பட்ட மனிதனை ஊமையாக்கிய படம் இந்த மண்ணில் ஓடலாமா என்று கொதித்தது ஊர். நம் கழகத்து மூத்தவர்கள் ஒன்றுகூடினார்கள். சுவரொட்டிகள் கிழிந்தன. இயக்குநர் வந்தால் வந்த பேருந்திலேயே திருப்பி அனுப்புவது என்று முடிவானது. நியாயம் கேட்கப் போனோம், ஹமூத் அண்ணனின் வீட்டுக்கு. அவர் மனைவி கோகப் அக்கா கதவருகிலேயே எங்களை நிறுத்தினார். "அவரு அந்தப் படத்தைப் பார்க்க வேணாம். நான் விட மாட்டேன்" என்றார். நாங்களும் மகிழ்ந்துபோய்த் திரும்பினோம். உள்ளேயிருந்து குரல் வந்தது.

"டேய், நில்லுங்கடா. அந்தப் படத்துல இருக்கறது யாரோட மூஞ்சி?"

"உங்க மூஞ்சிதாண்ணே."

"என் மூஞ்சிக்கு நீங்க ஏண்டா கோவப்படுறீங்க? நான் பார்க்கணும். பார்த்துட்டு, அடிக்கணும்னா நானே அடிக்கிறேன். எனக்குக் கை இல்லையா?"

அந்த ஒரு சொல்லால்தான் நேற்று இங்கே திரை கட்டப்பட்டது. மூடிய அரங்கில் படம் என்றால் நம் தாய்மார்கள் பலர் காலடி வைக்க மாட்டார்கள். முன்பு பூட்டிய திரையரங்கில் பற்றிய தீயில் இந்த ஊர் எத்தனை பேரைப் பறிகொடுத்தது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. அதனால்தான் திறந்த வானம், திறந்த மைதானம்.

படம் ஓடியது. முதல் அரைமணி முணுமுணுப்பு. "அந்தத் தெரு அப்படியா இருந்துச்சு?" "எங்க பாலத்தைக் காணோமே!" பிறகு முணுமுணுப்பு நின்றது. குண்டு விழுந்த வீட்டில் ஒரு தாய் செருப்பைத் தேடும் இடம் வந்தது. ஒற்றைச் செருப்பு. தாய்மார்கள் பக்கம் ஒரு விம்மல் எழுந்தது. அப்புறம் ஒருவரும் பாலத்தைத் தேடவில்லை.

பின்பு வந்தது பனந்தோப்பு. வந்தது வண்டி. விழுந்தது குண்டு. அன்பர்களே, அந்தக் காட்சியை இந்த ஊர் பார்க்கவே இல்லை! அத்தனை கண்களும் பார்த்தது முன்வரிசையை. திரையில் ஒரு ஹமூத் கல்லாகி உட்கார்ந்திருக்கிறான். இங்கே ஒரு ஹமூத் கல்லாகி உட்கார்ந்திருக்கிறார். கறுப்புக் கண்ணாடியில் அந்தக் காட்சி சின்னதாக ஓடுகிறது. காட்சி முடிந்தது. அண்ணன் எழுந்தார். கண்ணாடியைக் கழற்றினார். மூத்த ஆட்டக்காரர்களும் எழுந்தார்கள், சட்டைக் கையை மடித்துக்கொண்டு. படத்தை நிறுத்தினோம். இயக்குநரின் இரண்டாவது சட்டை அப்போதுதான் நனைந்தது என்று நினைக்கிறேன்.

அண்ணன் அவர் எதிரில் போய் நின்றார்.

"தம்பி, இதை உனக்கு யார் சொன்னது?"

"யாரும் சொல்லலண்ணே" என்றார் இயக்குநர். "எங்கப்பா லாரி ஓட்டினவரு. ஒரு விபத்து. அதுக்கப்புறம் வண்டியில ஏறி உக்காருவாரு, ஆனா சாவியத் தொட மாட்டாரு. அவரத்தான் வச்சேன். உங்களைப் பத்தி அப்ப எனக்குத் தெரியாது. தப்புன்னா மன்னிச்சிடுங்க."

அண்ணன் நம் பக்கம் திரும்பினார். நீங்கள் கேட்டீர்கள், நான் கேட்டேன், அந்தக் குரல் வழக்கமான குரல் இல்லை.

"தப்பில்ல. வண்டிக்குள்ள ஆள் இருக்கற வரைக்கும் நான் பேசினேன். டீச்சருக்குத் தெரியும். எல்லாரையும் படகுல ஏத்திவிட்டு வண்டிக்கு வந்தேன் பாருங்க, அப்பதான் இப்படி உக்காந்தேன். இதே மாதிரி. காதைப் பொத்திக்கிட்டு. பின்னால யாரும் இல்ல, ஆனா சத்தம் கேக்குது. கை சாவிக்குப் போகல. வெயில் ஏறி இறங்குச்சு. ஒருத்தர்கிட்டயும் சொல்லல. கோகப்கிட்டகூடச் சொல்லல."

தாய்மார்கள் பக்கத்திலிருந்து கோகப் அக்காவின் குரல் எழுந்தது. "நீ சொல்லணுமாக்கும்! எனக்குத் தெரியாதா? வருசக்கணக்கா நீ தூக்கத்துல ஜோக் சொல்லிக்கிட்டு இருந்தே. 'கண்ணை மூடாதே, கண்ணை மூடாதே, இதைக் கேளு'ன்னு. சுகமா இருக்கறவன் எவனாவது தூக்கத்துல ஜோக் சொல்வானா? நான் பக்கத்துல படுத்துக்கிட்டு, உனக்காக, சிரிச்சு வச்சேன்."

பெருமக்களே! இந்த ஊரைக் கட்டிக் காத்தவர்கள் யார்? துப்பாக்கி பிடித்தவர்களா? ஆம், அவர்களும்தான். ஆனால் இருட்டில் படுத்துக்கொண்டு, கணவன் கனவில் சொன்ன நகைச்சுவைக்குச் சிரித்த அந்தத் தாய்க்கு எந்த நாடு பதக்கம் தந்தது? எந்தப் பட விழா பரிசு தந்தது? கை தட்டுங்கள்! அக்கா முகத்தை மூடிக்கொண்டாலும் பரவாயில்லை, தட்டுங்கள்!

இதோடு நேற்றைய மாலை முடிந்திருந்தாலே போதும் என்றிருப்பேன். முடியவில்லை. வேலிக்கு அருகிலிருந்து ஒரு பெண்மணி எழுந்து வந்தார். நம் ஊர் முகமில்லை. நம் ஊர் பேச்சுமில்லை.

"நான் தப்ரீஸ்லேர்ந்து வர்றேன். என் பேரு சோல்மாஸ். என் தம்பி யாஷார் உங்க ஊர்ல சிப்பாயா இருந்தான். படகுத்துறைக்குக் கொண்டுபோற வழியில போயிட்டான்னு மட்டும்தான் எங்களுக்குச் சொன்னாங்க. போன மாசம் எங்க ஊர்ல இந்தப் படத்தப் பார்த்தேன். அன்னியிலிருந்து எனக்குத் தூக்கமில்ல, விசாரிச்சுத் தெரிஞ்சுக்கத்தான் வந்தேன். அண்ணே, நீங்கதான் அந்த வண்டிக்காரர்னு இப்பதான் தெரியுது. ஒண்ணு மட்டும் சொல்லுங்க. என் தம்பி அப்படித்தான் கத்திக்கிட்டே செத்தானா? பக்கத்துல ஒருத்தரும் ஒரு வார்த்தை பேசலையா?"

அண்ணன் அந்த முகத்தை உற்றுப் பார்த்தார். "தப்ரீஸ் பையன்... உருண்டை முகம், காதுக்குக் கீழ மச்சம்?" என்றார். அந்தப் பெண்மணி ஆமென்று தலையாட்டினார்.

"இங்க பாரும்மா, பொய் சொல்ல மாட்டேன். அவனுக்கு வலிச்சுது. முதல்ல கத்தினான். தோப்புல வண்டி மாட்டுனப்போ எல்லாருந்தான் கத்தினாங்க. நான் ஆரம்பிச்சேன். எங்க ஆத்துல ஒரு மீன் பிடிச்சேன், அதை வீட்டுக்குள்ள கொண்டுபோக முடியல, அதனால வீட்டை மீனுக்குள்ள கட்டிட்டோம்னு. டீச்சர் திட்டறாங்க. ஒருத்தன் சிரிக்கிறான். அப்ப உன் தம்பி பேசறான். அதுவரைக்கும் பேசாதவன். 'இதென்ன பெரிய விசயம்? எங்க ஊருக் குளிர் தெரியுமா உனக்கு? மாட்டைக் கறந்தா பால் வராது, ஐஸ்கிரீம்தான் வரும். குழந்தைங்க கீழ படுத்து நக்கிக்கும்'னான்."

மைதானத்தில் எங்கோ ஒரு சிரிப்பு தப்பித்துவிட்டது. உடனே அடங்கியது.

"வண்டியே சிரிச்சுதும்மா. குண்டு விழுது, நாங்க சிரிக்கிறோம். டீச்சர் வயித்தைப் பிடிச்சுக்கிட்டு அழுதுக்கிட்டே சிரிக்கிறாங்க. நான் பதில் தேடறேன், இதை மிஞ்சி ஒண்ணு அளக்கணும்னு. எனக்கு வரல! ஆபாதான்காரன் எனக்கு வாய் அடைச்சுப்போச்சு! 'வொலக், டேய் பயலே, நீ ஜெயிச்சுட்டே'ன்னு திரும்பினேன். மூஞ்சியில அந்தச் சிரிப்பு அப்படியே இருந்துச்சு. போயிட்டான். கத்திக்கிட்டுப் போகலம்மா. எங்க ஊரை ஜெயிச்சுட்டுப் போனான்."

அந்தச் சகோதரி வாயைப் பொத்திக்கொண்டார். அழுகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். தோள் குலுங்கியது. கையை எடுத்தபோது, தோழர்களே, அவர் சிரித்துக்கொண்டிருந்தார்!

"அது எங்கப்பா சொல்றது" என்றார். "ஒவ்வொரு குளிர்காலமும் எங்கப்பா அதைச் சொல்வாரு. யாஷாருக்கு அது சுத்தமாப் பிடிக்காது. 'அப்பா, பழைய ஜோக்'னு கிண்டல் பண்ணுவான். கடைசியில அவன் அதையேவா சொன்னான்?"

சொன்னான், தாயே. சொன்னான்!

நான் மேடைக்கு ஓடினேன். ஒலிபெருக்கியை எடுத்தேன். இதே கையால், இதே கருவியில், எத்தனை வீரர்களின் பெயரை முழங்கியிருக்கிறேன்! நேற்று நான் முழங்கியது ஒரே பெயர். "ஆபாதானின் சொந்த மண்ணில், ஆபாதானை வாய்ப்பேச்சில் வென்ற ஒரே வீரன், தப்ரீஸ் நகரத்து யாஷார்!" என்றேன். மைதானம் எழுந்தது. மூத்தவர்கள் எழுந்தார்கள். தாய்மார்கள் எழுந்தார்கள். சம்பூசே கடைக்காரர் எண்ணெய்ச் சட்டியை மறந்து எழுந்தார். நாம் தோற்றதற்காக நாமே ஆர்ப்பரித்தது நேற்று ஒருநாள்தான்! "யாஷார்! யாஷார்!" என்ற அந்த முழக்கம் ஆற்றைத் தாண்டிப் போயிற்று. அவர்கள் மொழியில் அந்தப் பெயருக்கு வாழ்பவன் என்று பொருளாம்.

இப்போது தீர்ப்புக்கு வருகிறேன். தலைவர் அவர்கள் கடிகாரத்தைப் பார்க்கிறார். வருகிறேன் அம்மா.

அந்தப் படம் பொய்யா? யாஷாரின் சாவைப் பொறுத்தவரை பொய். அந்தப் படம் மெய்யா? ஹமூத் அண்ணனின் மௌனத்தைப் பொறுத்தவரை, நம்மில் ஒருவருக்கும் தெரியாத மெய். நாம் மெச்சிக்கொண்டதெல்லாம் அவர் வாயை. அந்தப் படம் பார்த்தது அவர் வாய்க்குப் பின்னால் இருந்ததை. கூடவே வாழ்ந்த நாம் காணாததை, வந்தே பார்க்காத ஒருவர் கண்டார். தன் தகப்பனைக் கண்ட கண்ணால் கண்டார். கலை என்பது வேறென்ன?

பயங்கரமாக இருப்பதால் அதற்குப் புகழ் என்றால், அந்தப் புகழ் எனக்கு வேண்டாம். பயங்கரத்தை நாம் பார்க்காததா? மயங்கி விழவைப்பது பெரிய திறமையா? ஆனால் ஒரு மனைவியின் நெஞ்சில் மயங்கிக் கிடந்த ரகசியத்தை எழுப்பியதே! ஒரு வீரனின் புதைந்து கிடந்த கடைசிச் சொல்லை ஊருக்குக் கொண்டுவந்ததே! தன் தவற்றாலேயே ஒரு சகோதரியின் தூக்கத்தைக் கெடுத்து, அவளை ரயிலேற்றி, உண்மையின் வாசலில் கொண்டுவந்து இறக்கிவிட்டதே! எத்தனை சரியான படங்கள் இதைச் செய்திருக்கின்றன? சொல்லுங்கள், எத்தனை?

ஆகவே உரத்துச் சொல்கிறேன். தகுதி உண்டு! பெற்ற புகழுக்கும் உண்டு, இன்னும் பெறப்போகும் புகழுக்கும் உண்டு!

தலைமையாசிரியர் ஐயா, முகத்தைத் திருப்பிக்கொள்ளாதீர்கள். உங்கள் பக்கமும் ஒரு வாதம் பாக்கி இருக்கிறது, தெரியும். சிரிப்பு எங்கே என்பீர்கள். அதையே நேற்று இயக்குநரும் உணர்ந்தார். கூட்டம் கலைந்த பின் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தக் காட்சியைத் திரும்ப எடுக்கிறேண்ணே. நீங்க பேசின மாதிரியே, யாஷார் சொன்ன மாதிரியே எடுத்துச் சேர்த்துடறேன்" என்றார். நாங்கள் சுற்றி நின்றோம். எங்களுக்கெல்லாம் மகிழ்ச்சி. வென்றுவிட்டோம் என்று நினைத்தோம்.

ஹமூத் அண்ணன் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

"வேணாம் தம்பி. அதுல கை வைக்காதே. அப்படியே ஊர் ஊரா ஓடட்டும். அந்த வண்டியில இன்னும் எத்தனையோ பேர் போனாங்க. அவங்க வீட்டாளுங்க யாராவது பார்த்துட்டு, தூக்கம் கெட்டு, என்னைத் திட்டிக்கிட்டே தேடி வரட்டும். நான் உயிரோட இருக்கறப்பவே வரட்டும். சொல்றதுக்கு எங்கிட்ட நிறைய இருக்கு."

இதற்கு மேல் தீர்ப்புச் சொல்ல எனக்கு என்ன அருகதை? பொறுத்துக் கேட்ட தலைவருக்கும், புழுங்கிக் கேட்ட இயக்குநருக்கும், தூரத்திலிருந்து துயரோடு வந்து நம்மோடு சிரித்த சகோதரிக்கும், இந்த ஊரின் தாய்மார்களுக்கும் தோழர்களுக்கும் என் நெஞ்சின் நன்றி. உங்கள் வீடுகளில் விளக்கும், உங்கள் வாய்களில் பேச்சும் அணையாதிருக்கட்டும். போய் வாருங்கள், வணக்கம்!